கர்த்தருடைய வேளை என்கிறார்களே, அது வராமலே போனால்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷமான ஒரு சகோதரி கேட்கிறார். குழந்தை இல்லை. ஆரம்பத்தில் சபையில் எல்லாரும் "கர்த்தருடைய வேளை வரும், பொறுமையாயிரு" என்றார்கள். நாலைந்து வருஷம் போனதும் அதே ஆட்கள் "உங்களுக்குள்ள ஏதாவது தடை இருக்கா, ஆராய்ந்து பாருங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருஷம் வாக்குத்தத்த அட்டையில் அவருக்கு வந்தது எரேமியா 29:11, தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். அதை நம்பி இன்னொரு வருஷம் காத்திருப்பதா? தேவன் நல்லவர் என்றால் ஏன் இப்படி இழுத்தடிக்கிறார்? சிகிச்சையைத் தொடர்வது அவிசுவாசமா?

"இழுத்தடிக்கிறார்" என்று எழுதிவிட்டு, தப்பாக இருந்தால் மன்னியுங்கள் என்றும் சேர்த்திருக்கிறார். மன்னிப்பெல்லாம் வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று அடுத்தடுத்து நாலு தடவை கேட்கிறார். என்னை மறந்தே போய்விட்டீரா என்ற தொனியில்தான் கேட்கிறார். 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம். கடைசி வரி வரைக்கும் வெளிச்சம் வருவதில்லை, இருளோடே முடிந்துவிடுகிறது. இவற்றை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை, ஆலயத்தில் பாடவே வைத்தார்கள். ஆகவே உங்கள் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு பேசலாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதாகமம் தேவனுடைய குணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறது. அவருடைய கால அட்டவணையைப் பற்றி மிகக் கொஞ்சமே பேசுகிறது. "காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" என்று அப்போஸ்தலர் 1:7-ல் இயேசு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஆனால் நாம் செய்வது நேர்மாறு. தெரியாத வேளையை வைத்துத் தெரிந்த குணத்தை எடைபோடுகிறோம். பதில் சீக்கிரம் வந்தால் நல்லவர், தாமதமானால் கோபமாயிருக்கிறார் என்று. அப்புறம் அந்தக் கோபத்துக்குக் காரணம் தேடி ஒரு பெண்ணின் மனசாட்சியைத் தோண்டுகிறோம்.

உங்களுக்கு வந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டில் குவித்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுப்பதும், வீட்டுக்குப் போனதும் அதை பிரிட்ஜ் கதவிலோ வேதப்புத்தகத்துக்குள்ளோ வைப்பதும் நம் சபைகளில் பலருக்குப் பழக்கம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஒரு வசனமாவது வருஷம் முழுக்கக் கண்ணில் படுகிறது. சிக்கல் என்னவென்றால், அட்டையில் ஒரு வசனத்துக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. எரேமியா 29:11-க்கு முந்தின வசனம் அட்டையில் வருவதே இல்லை. "பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு" என்று அது ஆரம்பிக்கிறது.

அந்த அதிகாரம் எரேமியா தீர்க்கதரிசி எழுதின ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளம் ராஜா எகொனியாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். தேவாலயம் அப்போது இன்னும் இடியவில்லை. அது இடிக்கப்பட இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. அதனால் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்துக்குத் தீனி போடும் தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அனனியா. பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை அவன் பிடுங்கி, ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக உடைத்துப்போட்டு, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் கர்த்தருடைய வார்த்தை வேறாக இருந்தது: மர நுகம் போய் இரும்பு நுகம் வரும். அனனியா பேசியது ஐந்தாம் மாதம். அதே வருஷம் ஏழாம் மாதத்தில் அவன் இறந்தான். இரண்டு வருஷக் கணக்குச் சொன்னவனுக்கு இரண்டு மாதம்கூட மிஞ்சவில்லை.

இன்றைக்கும் "இந்த வருஷம் முடிகிறதுக்குள்ளே உங்க கையில குழந்தை" என்று தேதி குறித்துச் சொல்கிறவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அனனியாவின் கதை வரும் எரேமியா 28-ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். அன்பினால் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தவறினால் பழி அவர்கள்மேல் விழுவதில்லை, உங்கள் விசுவாசத்தின் மேல் விழுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் போன கடிதம் அது. அதில் முதலில் வருவது வாக்குத்தத்தம் அல்ல, அன்றாட வேலை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் பண்ணிவையுங்கள். நீங்கள் சிறைப்பட்டுப் போன அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். அதாவது, உங்களைப் பிடித்துக்கொண்டுபோன பாபிலோனுக்காக! இதற்கெல்லாம் பிறகுதான் எழுபது வருஷம் என்ற கணக்கு வருகிறது. அதையும் தாண்டித்தான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற உங்கள் வசனம்.

இந்த எழுபதை எங்கிருந்து எங்கே எண்ணுவது என்பதில் வேத அறிஞர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. எப்படி எண்ணினாலும் ஒன்று நிச்சயம். பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசிடம் விழுந்தது கி.மு. 539-ல், திரும்பிப்போக அனுமதி கிடைத்தது அதற்கு அடுத்த வருஷம். கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த நடுத்தர வயதுக்காரர்களில் பெரும்பாலானவர்கள் அதற்குள் பாபிலோன் மண்ணிலேயே அடக்கமாகியிருப்பார்கள். முதல் ஆலயத்தைக் கண்ட முதியவர்களில் திரும்பிவந்த அநேகர், புது அஸ்திபாரத்தைப் பார்த்துச் சத்தம்போட்டு அழுதார்கள் என்று எஸ்றா 3-ல் இருக்கிறது. ஆக, எரேமியா 29:11 அந்த வருஷமே கைக்கு வரும் பரிசைப் பற்றிய வசனம் அல்ல. தாங்கள் கேட்டதைத் தங்கள் ஆயுளில் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தவர்களிடம், "ஆனாலும் உங்களைப் பற்றி என் மனதில் இருப்பது தீமை இல்லை" என்று தேவன் சொன்ன வசனம். எனக்கென்னவோ, அட்டையில் இருப்பதைவிட இதுதான் பெரிய வசனமாகத் தெரிகிறது.

அந்த ஜனங்கள் கடிதத்தின்படி வாழ்ந்தார்களா? வேதத்துக்கு வெளியேயும் சாட்சி இருக்கிறது. பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில், யூதாவின் ராஜாவுக்கும் அவன் குமாரருக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு எழுதியிருக்கிறது. அந்த ராஜா எகொனியாதான். இன்னொரு தொகுதிப் பலகைகளில் யூதாவின் பெயரையே வைத்திருந்த ஒரு ஊர் வருகிறது. நிலக் குத்தகை, பார்லி கடன், பேரீச்சம்பழக் கடன், வரிச் சீட்டு என்று அன்றாடக் கணக்குகள். தேவன் எப்போது அழைத்துப்போவார் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களின் எழுத்து அல்ல இது. விதைத்து, அறுத்து, கடன் வாங்கி, அடைத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

எரேமியாவுக்கும் அதே நிலைதான். கடைசி முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, அவர் காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கையில், ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். எதிரி படை சுற்றி நிற்கும்போது நிலம் வாங்க யாருக்குத் தோன்றும்? பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, அநேக நாள் கெடாமல் இருக்கும்படி பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். அந்த நிலத்தில் அவர் குடியிருந்ததாக எங்கேயும் எழுதப்படவில்லை. பிற்பாடு அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்து உங்களைத் துளைக்கிற கேள்வி, அந்தத் "தடை". லூக்கா இதற்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சகரியாவையும் எலிசபெத்தையும் அறிமுகப்படுத்தும்போது, இருவரும் குற்றமற்றவர்களாய் நடந்து தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள் என்று முதலில் எழுதுகிறார். அடுத்த வசனத்தில்தான் பிள்ளையில்லை என்பதும் வயதாகிவிட்டது என்பதும் வருகின்றன. அந்த வரிசையை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார் என்று தோன்றுகிறது. ஊரார் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். யோபுவின் நண்பர்களும் இதே தடை ஆராய்ச்சிதான் செய்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம், முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. பேசினதற்குப் பிறகு "நீங்கள் என்னைப்பற்றி நிதானமாய்ப் பேசவில்லை" என்று கர்த்தரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

இங்கே இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாராள், ரெபெக்காள், ராகேல், அன்னாள், மனோவாவின் மனைவி, எலிசபெத் என்று வேதம் விவரமாகச் சொல்லும் கதைகளில் எல்லாருக்கும் கடைசியில் குழந்தை பிறக்கிறது. ஆகவே உனக்கும் பிறக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கதைகள் எழுதப்பட்டதே அந்தப் பிள்ளைகளுக்காக: ஈசாக்கு, யாக்கோபு, யோசேப்பு, சாமுவேல், சிம்சோன், யோவான். பிள்ளையில்லாத ஒவ்வொரு தம்பதிக்கும் கொடுத்த உத்தரவாதம் அல்ல அவை. உங்களுக்குப் பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். பிறக்காவிட்டால் தேவன் உங்களைக் கைவிட்டார் என்று ஆகாது. ஏசாயா 56-ல், சந்ததிக்கு வழியே இல்லாத அண்ணகர்களுக்கு, குமாரர் குமாரத்திகளால் கிடைப்பதைவிட மேலான இடத்தையும் பெயரையும் தம் வீட்டிலேயே தருவதாகக் கர்த்தர் சொல்கிறார். பிள்ளை இல்லாதவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும் இந்தப் பகுதியை நம் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

ரெபெக்காளின் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. கல்யாணத்தின்போது ஈசாக்குக்கு 40 வயது, இரட்டையர் பிறந்தபோது 60. நடுவில் இருபது வருஷம். ஆதியாகமம் அதை ஒரே வசனத்தில் கடந்துவிடுகிறது. நாமும் ஒரு மூச்சில் வாசித்துவிட்டு, "ஈசாக்கு வேண்டிக்கொண்டான், கர்த்தர் கேட்டருளினார்" என்று சாட்சி சொல்லிவிடுகிறோம். இருபது வருஷமும் மாதாமாதம் அந்தக் கூடாரத்தில் நடந்ததை அவர்களைத் தவிர யார் அறிவார்?

அப்படியானால் தாமதத்துக்குக் காரணமே இல்லையா? சில இடங்களில் வேதம் காரணம் சொல்கிறது. ஆபிரகாமின் சந்ததி கானானுக்குத் திரும்ப நாலாம் தலைமுறை வரை ஆகும், ஏனென்றால் எமோரியரின் அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்று ஆதியாகமம் 15:16 சொல்கிறது. அதாவது, இவர்கள் காத்திருந்தது வேறொரு ஜனத்துக்குக் கிடைத்த தவணையினால். பேதுருவும் கர்த்தர் தாமதிப்பதுபோலத் தெரிவதை, ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்கிற அவருடைய பொறுமை என்கிறார். பொன் கன்றுக்குட்டி விவகாரத்துக்குப் பிறகு மோசேக்குத் தம் பெயரை அறிவித்தபோது, "நீடிய சாந்தம்" என்பதையும் அவர் தம் குணத்தில் ஒன்றாகச் சொன்னார். அவசரப்படாத அந்தக் குணத்தால்தான் நாமெல்லாம் பிழைத்தோம். ஆனால் இதை வைத்து "உங்கள் தாமதத்துக்கும் இதுதான் காரணம்" என்று நான் சொன்னால், நானும் யோபுவின் நண்பன் எலிப்பாஸின் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். யோசேப்பு 17 வயதில் வீட்டைவிட்டுப் போனவன், 30 வயதில் பார்வோனுக்கு முன் நின்றான். அந்தப் பதின்மூன்று வருஷமும் அவனுடைய பெருமையை உடைக்கத்தான் என்று பிரசங்கிப்பார்கள். ஆதியாகமம் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கர்த்தர் அவனோடே இருந்தார் என்பதைத்தான் 39-ஆம் அதிகாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறது, அதுவும் அவன் அடிமையாகவும் கைதியாகவும் இருந்தபோது.

யோவான் 11-ஐ இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். மார்த்தாளிடத்திலும் அவள் சகோதரியிடத்திலும் லாசருவிடத்திலும் இயேசு அன்பாயிருந்தார் என்று ஒரு வசனம். அடுத்ததில், வியாதி என்று கேட்டும் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார் என்று வருகிறது. அன்பையும் தாமதத்தையும் யோவான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டு சகோதரிகளும் தனித்தனியே வந்து ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." நாலு நாளாக வீட்டுக்குள் மாறி மாறிப் பேசின பேச்சாக இருக்கும். ஏன் தாமதித்தார் என்பதை வழியிலேயே சீஷர்களுக்கு ஓரளவு சொன்னவர், வந்து நின்ற இந்தப் பெண்களிடம் அந்தக் காரணத்தை எடுத்து விளக்கவில்லை. மார்த்தாளிடம் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று தாம் யார் என்பதைச் சொன்னார். மரியாளிடம் அதுவும் இல்லை, கண்ணீர் விட்டார். இன்னும் சில நிமிஷத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்தே அழுதார். உங்கள் அழுகையைப் பார்த்து "விசுவாசம் இல்லையா" என்று கேட்கிறவர்கள் அவரைவிட விவரமானவர்கள் அல்ல.

வேளை வந்துவிட்டது என்று நினைப்பதிலும் இதே அளவுகோல்தான். தாவீதைக் கொல்லத் தேடிக்கொண்டிருந்த சவுல் ராஜா, எங்கேதி குகையில் தனியாக வந்து அவனிடமே மாட்டினான். தாவீதின் ஆட்கள், கர்த்தர் சொன்ன நாள் இதுவே என்றார்கள். சந்தர்ப்பம், வசனம், நண்பர்களின் ஆலோசனை, எல்லாமே பொருந்தியிருந்தது. தாவீது மாட்டேன் என்றான். அபிஷேகம் பண்ணப்பட்டவன்மேல் கைபோடச் சொல்லும் தேவன் அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சாராளோ பத்து வருஷக் காத்திருப்புக்குப் பிறகு ஆகாரை நடுவில் கொண்டுவந்தாள். அந்த அவசரத்தின் வலி ஆகாரின் தலையில் விடிந்தது. வனாந்தரத்தில் தேடிப்போய் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் கர்த்தர்தான். உங்கள் வீட்டில் யாராவது "இன்னொரு கல்யாணம்" என்ற பேச்சை எடுத்திருந்தால், இந்த அதிகாரத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இனி சிகிச்சை. எசேக்கியா ராஜாவுக்கு, குணமாவாய் என்றும் இன்னும் பதினைந்து வருஷம் ஆயுள் என்றும் கர்த்தரே சொல்லியனுப்பினார். அப்படியும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. பவுலோடு ஊர் ஊராகப் போன லூக்காவும் வைத்தியர்தான். ஆகவே தொடர்வது அவிசுவாசம் அல்ல. பணமும் உடம்பும் மனசும் தாங்கவில்லை, இதோடு போதும் என்று இருவரும் பேசி முடிவெடுத்தால் அதுவும் அவிசுவாசம் அல்ல.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்கள் கணவர் பரிசோதனை செய்துகொண்டாரா? உங்கள் கேள்வியில் எல்லா ஆராய்ச்சியும் உங்களைச் சுற்றியே இருக்கிறது. காரணம் ஆண் பக்கமும் இருக்கலாம், இரு பக்கமும் இருக்கலாம், எதுவும் பிடிபடாமலும் போகலாம். ஆணுக்கான முதல் பரிசோதனை எளிதானது, பெண்ணுக்குச் செய்வதில் பலவற்றைவிட வலியில்லாதது. முப்பத்தைந்துக்கு மேல் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும் என்பதால், "ஜெபித்துக்கொண்டு காத்திரு" என்று மட்டும் சொல்கிறவர்கள் சும்மா ஒரு ஆலோசனை சொல்லவில்லை, உங்கள் வருஷங்களைச் செலவு செய்கிறார்கள்.

தத்தெடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அது குழந்தை பிறக்காததற்கு ஆறுதல் பரிசும் இல்லை, எல்லாருக்கும் ஏற்றதும் இல்லை. ஆனால் கிறிஸ்தவர்களுக்குச் சட்டப்படி தத்தெடுக்க வழியில்லை, காப்பாளராக மட்டுமே இருக்கலாம் என்று நம் சபைகளில் இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் முழு உரிமையோடு தத்தெடுக்கலாம். மத்திய அரசின் காரா அமைப்பின் இணையதளத்தில் பதிய வேண்டும். தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்த்துத்தான் எந்த வயதுக் குழந்தை என்று தீர்மானிக்கிறார்கள், வரிசையும் வருஷக்கணக்கில் நீள்கிறது. அந்த எண்ணம் இருவருக்கும் கொஞ்சமாவது இருந்தால், சிகிச்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இப்போதே விவரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.